வாய் திறக்கும் முன்

மூளைக் கலம் ஒன்று துடித்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று ஊரில் பலர் என்னிடம் விசாரித்திருக்கிறார்கள். பனைமட்டை அடுப்பில் எரியும்போது இடைக்கிடை படக், படக் என்று வெடிக்குமே, அதுதான். முடியைவிட மெல்லிய தங்குதன் கம்பியின் முனை கலத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கலம் துடிக்கும்போது அந்த முனையில் எழும் மின்சாரம் ஆயிரத்தில் ஒரு விநாடிதான் நீடிக்கும். அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்போம். கண் கம்பியை இறக்கும் திருகாணியில் இருக்கும், காது ஸ்பீக்கரில் இருக்கும். பாட்டுப் பழகும் குஞ்சுகளின் மூளையில் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பதுதான் இருபத்துநாலு வருடமாக என் பிழைப்பு.

நான் பிறந்தது மன்னார்த் தீவின் தாராபுரத்தில். மஃரிபுக்குப் பிறகு மூத்தம்மா வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் ஓத வருவோம். புதிதாக வந்த பிள்ளையை மூத்தம்மா முதல் கொஞ்ச நாளைக்கு ஓத விடமாட்டா. பாயில் தன் பக்கத்தில் இருத்திவைத்து மற்றவர்கள் ஓதுவதைக் கேட்க வைப்பா. அவசரப்பட்டு வாயைத் திறந்தால், "பொறு புள்ள, மொதல்ல காதக் குடு" என்பா. ஓர் எழுத்தும் தெரியாத வயதில், எங்கே நீட்ட வேண்டும், எங்கே மூக்கால் ஒலிக்க வேண்டும் என்பதெல்லாம் காது வழியாகவே வந்து சேர்ந்தது. 1990 அக்டோபர் கடைசியில், வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற கட்டளை வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனோம். ஓலைக் கொட்டிலில் அகதி வாழ்க்கை. மூத்தம்மா அங்கேயும் பாயை விரித்தா. அதற்குப் பிறகு அவ தாராபுரத்தைப் பார்க்கவே இல்லை.

விலங்கியல் படித்து, 2001இல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பறவை ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். எனக்குத் தந்த முதல் வேலை கூடு கழுவுவதும் தினை போடுவதும்தான். எட்டு மாதம் அதைத்தான் செய்தேன். இப்போது புதிதாக வருகிற மாணவர்கள் நேரே கணினிக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அந்த எட்டு மாதம் கிடைக்கவில்லையே என்று எனக்குக் கவலைதான். எந்தக் குஞ்சு பயந்திருக்கிறது, எது தூங்கி வழிகிறது, எது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லப் பழகியது அந்தக் கூடுகளுக்கு முன்னால்தான். பின்னால் என் பதிவுகளில் பாதி பிழைத்தது அந்தப் பழக்கத்தால்.

நாங்கள் வளர்ப்பது ஸீப்ரா ஃபிஞ்ச். அவுஸ்திரேலியப் பறவை, நம்மூர்ச் சில்லைக் குருவிகளுக்குச் சொந்தம். பதினைந்து கிராமைத் தாண்டாது. ஆண் மட்டும்தான் பாடும். அதுவும் தகப்பனிடமோ பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிழவனிடமோ கேட்டுப் பழகிய ஒரே பாட்டு, ஒரு விநாடி அளவு, ஆயுள் முழுக்க அதேதான். குஞ்சுக்கு இருபத்தைந்து நாள் வாக்கில் காது திறக்கும் காலம் தொடங்கும். அறுபத்தைந்து நாள் வாக்கில் அது மூடிவிடும். முப்பத்தைந்து நாளில் தானே முணுமுணுக்கத் தொடங்கும். குழந்தை மழலை பேசுகிற மாதிரி, ஒழுங்கே இல்லாத சத்தம். தொண்ணூறு நாளில் பாட்டு இறுகிவிடும்.

ஆய்வுக்கு, பொரித்து ஒரு வாரம், பத்து நாளுக்குள் தகப்பனை வேறு அறைக்கு மாற்றிவிடுவோம். தாய் பாடாது என்பதால் தாயோடு வளரும் குஞ்சு பாட்டு என்பதையே கேட்காமல் வளரும். பிறகு சத்தம் புகாத பெட்டிக்குள் நாங்கள் தெரிந்தெடுத்த ஓர் ஆசானோடு விடுவோம். இப்படிச் செய்தால்தான் அந்தக் குஞ்சு வாழ்நாளில் எந்தப் பாட்டைக் கேட்டது, எத்தனை நாள் கேட்டது என்று கணக்கு வைக்க முடியும். ஆசானே கிடைக்காத குஞ்சும் பாடும். அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கும். நீண்டு இழுத்த, இடம் தெரியாமல் அலைகிற சத்தம்.

இந்தத் துறையின் பழைய கதையை ஆய்வுகூடத்தில் தேநீர் நேரத்தில்தான் கற்றேன். 1950களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப், பாட்டை வரைபடமாக வரையும் கருவியை வைத்து, பாட்டுக் கேட்காமல் வளர்ந்த குருவியின் பாட்டு எங்கே குறைகிறது என்று காட்டினார். அவரிடம் படித்த பீட்டர் மார்லர், கலிபோர்னியாக் கடற்கரையில் ஒரே இனக் குருவி ஊருக்கு ஊர் வேறு வட்டார வழக்கில் பாடுவதைக் கண்டார். அவருடைய மாணவர் மசகாசு கொனிஷி 1965இல் எழுதியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆசானின் பாட்டை நன்றாகக் கேட்டு முடித்த குஞ்சுக்கு, தானே பாடத் தொடங்கும் முன் காது கேட்காமல் போனால் பாட்டு உருப்படாது. மனத்தில் இருக்கும் பாட்டோடு தன் வாயிலிருந்து வருகிற பாட்டை ஒப்பிட்டுப் பார்க்க அதற்குக் காது வேண்டும். அப்படியானால் அந்த மனப்பாட்டு மூளையில் எங்கே இருக்கிறது? எங்கள் தொழில் முழுவதும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

ஊரில் இதைச் சொல்ல நான் குயிலைத்தான் துணைக்குக் கூப்பிடுவேன். குயிலோடு போட்டி போட்டுக் கூவாத பிள்ளை தாராபுரத்தில் கிடையாது. குயில் காகக் கூட்டில் பொரிக்கிறது, காகம் ஊட்டி வளர்கிறது, நாள் முழுக்கக் காகத்தின் குரலையே கேட்கிறது. வளர்ந்தபின் கூவுவதோ குயிலின் கூவல்தான். அதன் கூவல் பிறப்போடு வருவது, யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சேவலும் அப்படித்தான். ஆனால் ஸீப்ரா ஃபிஞ்ச் முட்டையை வேறோர் இனத்தின் கூட்டில் வைத்தால் என்ன நடக்கும்? ஜெர்மனியில் கிளவுஸ் இம்மெல்மன் 1960களில் இதைச் செய்து பார்த்தார். பெங்காலிஸ் ஃபிஞ்ச் என்ற வளர்ப்புச் சில்லைகளிடம் குஞ்சுகளைக் கொடுத்தார். பக்கத்தில் சொந்த இனத்துப் பறவைகள் பாடுவது காதில் விழுந்தாலும், குஞ்சுகள் வளர்ப்புத் தகப்பனின் பாட்டையே பழகின.

அந்தப் பெங்காலிஸ் ஃபிஞ்சின் காட்டு மூதாதை வெண்முதுகுச் சில்லை. இலங்கையிலும் அந்தச் சில்லை பறக்கிறது. ஜப்பானில் இருநூற்றைம்பது வருடமளவில் கூட்டில் வளர்த்து வளர்த்து, அதன் பாட்டு காட்டுச் சில்லையின் பாட்டைவிடப் பின்னல் மிகுந்ததாக மாறிவிட்டது என்று கசுவோ ஒகனோயா காட்டியிருக்கிறார். நான் சின்ன வயதில் உடைமரத்து முள்ளுக்குள் கூடு கட்டப் பார்த்த குருவிகளின் உறவுக்காரர்கள் உலகத்து ஆய்வுகூடங்களில் இருக்கிறார்கள் என்று முதன்முதல் அறிந்த அன்று, கற்பிட்டியில் இருந்த உம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "நெல்லுக்குருவிக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டா.

நான் சேர்ந்த காலத்தில் பறவைக்கு யூரேத்தேன் மருந்தை நெஞ்சுத் தசையில் ஏற்றி, அசையாமல் கிடத்திவைத்துத்தான் பெரும்பாலும் பதிவெடுப்போம். வசதியான முறை. கம்பி ஆடாது, ஒரு கலத்தை மணிக்கணக்கில் பிடித்துவைக்கலாம். எச்.வி.சி. என்று ஒரு பகுதி, மூளையின் மேற்பரப்பை ஒட்டி இருக்கும். மயங்கிய பறவைக்கு அதன் சொந்தப் பாட்டைப் போட்டால் அங்குள்ள கலங்கள் பொரிந்து தள்ளும், பாட்டைத் திருப்பிப் போட்டால் அடங்கிவிடும். அதைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் 1998இலேயே ஷ்மிட்டும் கொனிஷியும் விழித்திருக்கும் பறவையில் அந்தப் பதில் பெரிதும் அடங்கிவிடுவதைக் காட்டியிருந்தார்கள். கட்டுரையை நான் வாசித்துத்தான் இருந்தேன். என்றாலும் கையில் உறைக்கச் சில வருடம் சென்றது. ஒரு நாள் மருந்தின் பிடி விட்டு ஒரு பறவை அரைக்கண் திறந்தது. அந்த நிமிடமே ஸ்பீக்கர் ஊமையாயிற்று. கம்பி நழுவிவிட்டதென்று நினைத்துத் திருகாணியைத் தொட்டேன். பறவை மறுபடி கண்ணை மூட, கலம் மறுபடி வெடிக்கத் தொடங்கியது. அதுவரை நான் எடுத்துவைத்த பதிவுகள் எல்லாம் தூக்கத்தின் பதிவுகள் என்பது அப்போதுதான் மனத்தில் இறங்கியது.

குஞ்சுகளில் விஷயம் இன்னும் ஆழமாகப் போனது. 2005இல் டெரேசா நிக்கும் கொனிஷியும், பாடப் பழகத் தொடங்கிய குஞ்சுகளை விழித்திருக்கும்போதும் தூங்கும்போதும் கேட்டுப் பார்த்தார்கள். விழித்திருக்கும் இளங்குஞ்சின் எச்.வி.சி. ஆசானின் பாட்டுக்கு அதிகம் பதில் சொன்னது. தூங்கினால் அதே இடம் குஞ்சின் சொந்தப் பாட்டுப் பக்கம் சாய்ந்தது. பழக்கம் முற்ற முற்ற, விழித்திருக்கும்போதும் சொந்தப் பாட்டே முன்னுக்கு வந்தது. பகலில் ஆசானுக்கும் இரவில் தனக்கும் காது கொடுக்கிற கலங்கள். நான்கு வருடம் கழித்து ஷாங்கும் மர்கோலியாஷும் எழுதியது இதற்குத் துணை நின்றது. ஆசானின் பாட்டைப் பகலில் கேட்ட குஞ்சு அன்றிரவு தூங்கும்போது, பாட்டை இயக்கும் பகுதியின் துடிப்புகள் மாறிவிடுகின்றன. குஞ்சின் வாயில் மாற்றம் தெரிவது மறுநாள்தான்.

இனி என் சொந்தப் பிழை ஒன்றையும் எழுத வேண்டும். ஒரு பருவம் முழுக்க ஒன்பது குஞ்சுகளில் பதிவெடுத்தேன். என்.சி.எம். என்ற கேள்விப் பகுதியில், குஞ்சு ஒருபோதும் கேட்டிராத அந்நியப் பறவையின் பாட்டுக்குக் கலங்கள் துள்ளின, ஆசானின் பாட்டுக்குச் சும்மா இருந்தன. நாங்கள் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். கூடத்தில் எல்லோரும் விளக்கம் தேடத் தொடங்கினார்கள். எனக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. ஓர் இரவு கோப்புகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஆசான்களின் கூட்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவை பாடுவதைக் கேட்டேன். இரண்டு ஆசான்களின் பெயர்ச்சீட்டை நான்தான் மாற்றி ஒட்டியிருந்தேன். நாங்கள் அந்நியன் என்று நினைத்திருந்ததுதான் அந்தக் குஞ்சுகளின் ஆசான். காலையில் போய் உள்ளதைச் சொன்னேன். பதிவின் இன்னொரு பகுதியிலும் குளறுபடி இருந்ததால் ஒன்பது குஞ்சுகளின் கணக்கும் தள்ளுபடியாயிற்று. ஒன்பது உயிர். பதிவு முடிந்ததும் கம்பி எந்த இடத்தில் இருந்தது என்று மூளையைச் சீவிப் பார்ப்பதற்காகப் பறவையை முடித்துவைப்போம். அந்த நாளில் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அதற்குப் பிறகு, பாட்டை என் காதால் கேட்டு உறுதி செய்யாமல் எந்தச் சீட்டையும் நம்பியதில்லை, மாணவர்களையும் நம்ப விட்டதில்லை.

ஆனாலும் அந்தப் பருவம் எனக்கு ஒன்றைக் காட்டித் தந்தது. கம்பியை இறக்கி இறக்கிக் கேட்டால், பெரும்பாலான கலங்கள் எந்தப் பாட்டுக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லும். காற்றடித்தால் ஆடுகிற ஓலை மாதிரி. நாட்கணக்கில் இவையே வரும். பிறகு ஏதோ ஒரு நாள் ஒரு கலம். ஐந்தாறு பாட்டுகள் போட்டும் அசையாது. ஆசானின் பாட்டு வந்ததும் படபடவென்று எரியும். அப்படி ஒன்றைப் பிடித்த அன்று யாரும் மூச்சு விடக்கூட மாட்டோம். 2012இல் அத்ரே, மெலிசா, மர்கோலியாஷ் மூவரும் எழுதினார்கள்: இன்னும் பாடவே தொடங்காத குஞ்சுகளிலும், கேள்விப் பகுதிகளில் உள்ள சிறு கூட்டம் கலங்கள் ஆசானின் பாட்டுப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. வாய் திறக்கும் முன்பே மூளை மாறிவிட்டிருக்கிறது. அதை வாசித்தபோது மூத்தம்மாவின் பாய் கண்ணுக்குள் வந்து நின்றது.

2016இல் ஒக்கினாவாவிலிருந்து யனகிஹாராவும் யசாகி-சுகியாமாவும் எழுதியது இதை இன்னும் கூர்மையாக்கியது. அவர்கள் பதிவெடுத்தது விழித்திருக்கும் குஞ்சுகளில். என்.சி.எம்.மில் மிகச் சிறிய பங்குக் கலங்கள், ஆசானோடு இருந்து பழகிய பிறகு, அந்த ஆசானின் பாட்டுக்கு மட்டும் பதில் சொல்லும்படி ஆகிவிட்டன. மற்றப் பாட்டுகளுக்கு அவை ஏன் சும்மா இருக்கின்றன? சுற்றியுள்ள கலங்கள் காபா என்ற இரசாயனத்தால் அவற்றை அடக்கிவைக்கின்றன. அந்த அடக்கத்தை மருந்தால் நீக்கினால் தேர்ந்தெடுக்கும் குணமும் போய்விடுகிறது. குஞ்சு தூங்கினாலும் பதில் தளர்கிறது. அதே வருடம் நியூயோர்க்கில் மைக்கேல் லோங்கின் கூடத்தார் எச்.வி.சி.யில் இதற்கு உறவான ஒன்றைக் கண்டார்கள். குஞ்சு இன்னும் பழகாத அடிக்கு ஆசானின் பாட்டு அந்தக் கலங்களைத் தட்டி எழுப்புகிறது. பழகி முடித்த அடிக்கு அடக்கம் வந்து கதவைச் சாத்திவிடுகிறது, பிறகு ஆசானே பாடினாலும் அது திறப்பதில்லை. கற்றல் என்றால் கலங்கள் மேலும் மேலும் துடிப்பது என்று நினைத்துத்தான் நான் இத்தொழிலுக்கு வந்தேன். எதற்குத் துடிக்காமல் இருப்பது என்பதையும் மூளை பழகுகிறது என்று ஏற்றுக்கொள்ள எனக்குப் பதினைந்து வருடம் பிடித்தது.

ஒலிநாடா விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் தாய்மார் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆசானைப் பெட்டிக்குள் விடுவதைவிட ஸ்பீக்கரில் பாட்டைப் போடுவது எங்களுக்குச் சுலபம். ஆனால் ஸ்பீக்கரைக் கேட்டு வளர்ந்த ஸீப்ரா ஃபிஞ்ச் குஞ்சு நன்றாகப் பாடுவது அரிது. 1980களில் லூயிஸ் பாப்டிஸ்டா கலிபோர்னியக் குருவிகளில், ஒலிநாடாவிலிருந்து கற்கும் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்த குஞ்சுகளும் உயிருள்ள ஆசானிடம் கற்பதைக் காட்டினார். வேற்று இனத்து ஆசானிடம்கூடக் கற்றன. ஏன் என்பதற்குப் பதில் 2018இல் ரிச்சர்ட் மூனியின் கூடத்திலிருந்து வந்தது. உயிருள்ள ஆசான் முன்னால் நின்று பாடும்போது, நடுமூளையிலிருந்து எச்.வி.சி.க்கு வருகிற நரம்புகள் டோபமினை விடுகின்றன. ஸ்பீக்கருக்கு அப்படி விடுவதில்லை. அந்த வழியை அடைத்தால், ஆசான் பக்கத்திலேயே இருந்தாலும் குஞ்சு கற்பதில்லை. ஸ்பீக்கர் பாடும்போது அந்த நரம்புகளை ஒளியால் தூண்டிவிட்டால், ஸ்பீக்கரிடமிருந்தும் கற்கிறது. கட்டுரையை அச்செடுத்துப் பறவை அறைக் கதவில் ஒட்டினேன். இன்னும் அங்கேயே இருக்கிறது.

கருவிகள் மாறியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கம்பி போய், பறவையின் தலையில் சுமக்கக்கூடிய சின்ன மோட்டார் வந்தது. பிறகு ஒரே சிலிக்கன் ஊசியில் நூற்றுக்கணக்கான இடத்தில் கேட்கிற மின்வாய்கள். இப்போது கலங்கள் ஒளிர்வதைத் திரையில் பார்க்கலாம். எண்ணிக்கையில் நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டோம். என்றாலும் நான் ஸ்பீக்கரை அணைக்க விடுவதில்லை. கணினி வரிசைப்படுத்தித் தந்த கலம் உண்மையில் ஒரு கலமா, பறவை சிறகடித்த சத்தமா என்பது காதுக்குத்தான் சட்டென்று தெரியும். இந்த வேலையைப் பழக வெளிநாடுதான் போகவேண்டுமா என்று மன்னார் மாணவர்கள் கேட்டால், புனேயில் ஐசர் நிறுவனத்தில் ராகவ் ராஜனின் கூடத்தையும், மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் சௌம்யா ஐயங்கார் செய்த வேலையையும் சொல்வேன். இரண்டு இடத்திலும் ஸீப்ரா ஃபிஞ்ச்தான்.

2015இல் தலைமன்னார் ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய வருடம் ஊருக்கு வந்தேன். மன்னார் ஸ்டேஷனில் இறங்கி ஓட்டோவில் போகும்போது, ரோட்டில் கழுதைகள் பழையபடி வழி மறித்து நின்றன. தம்பி குடும்பம் அப்போதுதான் திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போட்டிருந்தது. அவனுடைய பிள்ளைகள் கற்பிட்டியில் பிறந்தவர்கள். பேச்சில் புத்தளத்து இழுவை. வாப்பா அவர்களைத் திருத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பிள்ளைகள் ஓத உட்கார்ந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீட்டுகிற இடம், நிறுத்தி மூச்சு வாங்குகிற இடம், அப்படியே மூத்தம்மா. அவவை அந்தப் பிள்ளைகள் கண்டதே இல்லை. தம்பி அவவிடம் கேட்டான், அவனிடம் அவர்கள் கேட்டார்கள்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு, ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு வளவின் பின்பக்கம் போனேன். தம்பியின் மூத்த மகன் பின்னாலேயே வந்தான், ஒன்பது வயது. கடல் பக்கத்து உடைமரத்தில் வெண்தொண்டைச் சில்லைகள் கூட்டமாக இருந்தன. ஓரத்துக் கிளையில் ஒன்று, நிறம் முழுதாக மாறாத இளசு, தொண்டையைப் புடைத்துக்கொண்டு கரகரவென்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது.

"மாமி, அது பாடுதா, அழுவுதா?"

"பழகுது மன. சத்தம் போடாத."

கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. பையன் மணலில் என் பக்கத்தில் குந்தினான். மேல்கிளையிலிருந்து ஒரு கிழட்டுச் சில்லை, மெல்லிய, வேகமான தன் பாட்டை எடுத்தது. இளசு நடுவிலேயே நிறுத்திவிட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்த்தது. பையனும் சாய்த்தான்.